கூந்தன்குளத்தில் முதல் காலை: பறவை பார்க்கத் தொடங்குவோருக்கு

பறவை பார்க்கத் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த பைனாகுலர் வாங்கலாம்?" என்றுதான். இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள் என்பேன். முதலில் ஒரே இடத்தில் அரை மணி நேரம் அசையாமல் உட்காரப் பழக வேண்டும். கரையில் நீங்கள் வந்து நின்றதும் பறவைகள் கொஞ்சம் தள்ளிப் போகும். பத்து நிமிடம் சும்மா இருந்தால் மெல்ல மெல்லத் திரும்பி வரும். நடந்துகொண்டே இருப்பவருக்குப் பறவையின் முதுகுதான் தெரியும்.

திருநெல்வேலிக்குத் தெற்கே சுமார் 35 கி.மீ. தொலைவில், மூலைக்கரைப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது கூந்தன்குளம். அங்கே முதன்முறையாகப் போகிறவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு 1.3 சதுர கி.மீ.கூட இல்லை. ஒரு காலையில் நிதானமாகப் பார்த்துவிடலாம், அதனாலேயே புதியவர்களுக்கு ஏற்ற இடம். வேடந்தாங்கலுக்கோ கரிக்கிளிக்கோ போகிறவர்களுக்கும் இதில் சொல்வதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

முதல் வாரம்: உங்கள் ஊர்க் குளம்

சரணாலயத்துக்கு நேராகப் போய் இறங்கினால் ஒரே சமயத்தில் ஐம்பது வகைப் பறவைகள் கண்ணில் படும். எதுவும் மனதில் தங்காது. அதனால் அதற்கு முன் ஒரு வாரம், வீட்டுக்குப் பக்கத்துக் குளத்துக்கோ வயலுக்கோ காலையில் போய் வாருங்கள். அங்கே ஏழெட்டுப் பறவைகளை நன்றாகத் தெரிந்துகொண்டால் போதும்.

மடையானில் தொடங்கலாம். வயல் மடையருகே கழுத்தை ஒடுக்கிக்கொண்டு நிற்கும். முதுகு மண் நிறம், கழுத்திலும் நெஞ்சிலும் கோடு கோடாக இருக்கும். சேற்றோடு சேறாகக் கலந்துவிடுவதால் பத்தடி தள்ளி நின்றாலும் தெரியாது. நீங்கள் இன்னும் ஓரடி எடுத்து வைத்ததும் படபடவென்று எழும்பும். அந்த நொடியில் பளிச்சென்று வெள்ளைப் பறவையாகிவிடும். உட்கார்ந்திருந்தது ஒன்று, பறந்தது வேறொன்று என்றே நினைக்கத் தோன்றும். அதன் இறக்கை முழுக்க வெள்ளை. மடக்கினால் மண்ணிற முதுகுக்குள் மறைந்துபோகும். குருட்டுக்கொக்கு என்றும் இதைச் சொல்வார்கள். ஆள் பக்கத்தில் வரும்வரை அசையாததால் கண் தெரியாது என்று எண்ணியிருக்கிறார்கள். அந்த மஞ்சள் கண்ணைக் கவனியுங்கள், உங்களையேதான் பார்த்துக்கொண்டிருக்கும்.

அடுத்து, வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒரே கொக்கு என்ற எண்ணத்தை விட வேண்டும். அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் செருப்புப் போட்டதுபோல் இருந்தால் சின்னக்கொக்கு. அலகு மஞ்சளாக, மாட்டுக்குப் பின்னாலேயே நடந்தால் உண்ணிக்கொக்கு. மாடு நடக்கும்போது புல்லிலிருந்து தெறித்து எழும் வெட்டுக்கிளிக்காகத்தான் அந்த நடை. கழுத்து மிக நீண்டு, நடுவில் ஒடிந்ததுபோல் வளைந்திருந்தால் பெரிய கொக்கு.

நீர்க்காகம், நாமக்கோழி, முக்குளிப்பான், வெண்மார்பு மீன்கொத்தி, ஆள்காட்டி ஆகியவற்றையும் இந்த வாரத்திலேயே பார்த்துவிடலாம். நாமக்கோழி உடம்பெல்லாம் கருப்பு, அலகும் நெற்றி நாமமும் மட்டும் வெள்ளை. முக்குளிப்பான் கைக்குள் அடங்கும் அளவுதான். இங்கே முங்கினால் எதிர்பாராத இடத்தில் எழும். ஆள்காட்டியை நீங்கள் பார்ப்பதற்கு முன் அது உங்களைப் பார்த்துவிடும், குளத்துக்கே கேட்கும்படி கத்தும். அது கத்தினால் நின்றுவிடுங்கள். பக்கத்தில் வெறுந்தரையிலேயே முட்டை இருக்கலாம். கூழாங்கல்லும் அந்த முட்டையும் ஒரே நிறம், மிதித்த பிறகுதான் தெரியும்.

எப்போது போவது

போவதற்கு முன் உள்ளூரில் யாரையாவது பிடித்து, குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். கூந்தன்குளம் அடிப்படையில் பாசனக் குளம்தான். வடகிழக்குப் பருவமழையும், மணிமுத்தாறு அணையிலிருந்து கால்வாய் வழியாக வரும் தண்ணீரும்தான் அதை நிரப்புகின்றன. மழை பொய்த்த ஆண்டில் காலண்டரைப் பார்த்துப் போனால் வெடித்த மண்ணைத்தான் பார்க்க முடியும்.

நல்ல மழை ஆண்டில் டிசம்பர் கடைசியிலிருந்து கூட்டம் சேரத் தொடங்கும். வாத்துகளும், கரைச் சேற்றில் இரை தேடும் உள்ளான்களும் வேண்டுமென்றால் ஜனவரி, பிப்ரவரி. கூடும் குஞ்சும் பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. நாரை முட்டையிட்டு அடைகாக்க ஏறக்குறைய ஒரு மாதம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு மாதம் ஆகும். அந்த மூன்று மாதமும் குளத்தில் தண்ணீரும் மீனும் இருந்தாக வேண்டும். பங்குனி, சித்திரையில் குளம் எவ்வளவு வற்றியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்த ஆண்டு எத்தனை குஞ்சுகள் பிழைக்கும் என்பது.

நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் முதல்முறை போனது பகல் பதினொரு மணிக்கு. வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூச, எதிரே நின்றதெல்லாம் கரிய நிழலாகத்தான் தெரிந்தது. இரண்டாம் முறை விடிவதற்குள் கரையில் இருந்தேன். அதே குளம்தானா என்று நினைக்க வைத்தது. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அதனால் காலையில் கிழக்குப் பக்கமாக நின்று மேற்கே பாருங்கள், மாலையில் இதற்கு எதிர்ப்பக்கம். பேருந்தில் வருகிறவர்கள் முந்தின இரவே நெல்லையில் தங்கி, விடிவதற்குள் வண்டி பேசிக்கொண்டு கிளம்புவது நல்லது.

கையில் என்ன வேண்டும்

மண் நிறத்திலோ இலை நிறத்திலோ பழைய சட்டை, தொப்பி, தண்ணீர், குறிப்பேடு, பென்சில். பென்சில் ஏனென்றால் பனியில் நனைந்த தாளில் பேனா எழுதாது. காலுக்கு மூடிய ஷூ கட்டாயம். கரைப் புல்லில் கண்ணாடிவிரியன் இருக்கும். பல்லாண்டுகளாக நடந்து பழகிய விவசாயிகளே கவனமாகத்தான் கால் வைக்கிறார்கள்.

ஒரு வாரம் குளத்தங்கரையில் உட்கார்ந்த பிறகும் ஆசை இருக்கிறதென்றால் இப்போது பைனாகுலர் வாங்கலாம். 8×42 என்று போட்டிருப்பதைப் பாருங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 10×42-இல் இன்னும் பெரிதாகத் தெரியும்தான். ஆனால் கை நடுக்கமும் அந்த அளவுக்குப் பெரிதாகும், பார்வைப் பரப்பும் குறுகும். புதியவருக்கு 8 தான் என் பரிந்துரை. வாங்க முடியாவிட்டால் கூந்தன்குளத்தில் பெரிய இழப்பு ஒன்றுமில்லை. அங்கே கூடுகள் பல ஊருக்குள்ளேயே, வெறும் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கின்றன.

பைனாகுலரைச் சரிசெய்யப் பலருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. முதலில் இரண்டு குழல்களையும் மடக்கி விரித்து, இரு கண்ணுக்கும் ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள். பிறகு வலது கண்ணை மூடி, இடது கண்ணால் தூரத்தில் ஒரு பலகை எழுத்தைப் பார்த்து, நடுவில் உள்ள சக்கரத்தைத் திருகித் தெளிவாக்குங்கள். அடுத்து இடது கண்ணை மூடி, அதே எழுத்தை வலது கண்ணால் பார்த்து, வலப்பக்கக் கண்ணாடியில் இருக்கும் வளையத்தை மட்டும் திருகுங்கள். இனி அந்த வளையத்தைத் தொடவே வேண்டாம், நடுச் சக்கரம் போதும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண் வைக்கும் ரப்பர் பகுதியை உள்ளே இறக்கிக்கொள்ளுங்கள். பறவையைத் தேடுவதற்கு பைனாகுலரைப் பயன்படுத்தக் கூடாது. வெறும் கண்ணால் பறவையைப் பார்த்து, பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். சூரியன் இருக்கும் பக்கம் தவறியும் திருப்பாதீர்கள்.

நிறத்தை விடுங்கள், அலகைப் பாருங்கள்

புதியவர்கள் நிறத்தை வைத்துத்தான் பறவையைத் தேடுவார்கள். வெளிச்சத்துக்கும் வயதுக்கும் ஏற்ப நிறம் மாறும். சங்குவளை நாரைக்கு இறக்கைக் கடைசியில் இளஞ்சிவப்பு என்று படித்துவிட்டு வந்தவர், பழுப்பாக நிற்கும் அதன் இளம்பறவையைப் பார்த்துக் குழம்புவார். அலகும் காலும் ஏமாற்றாது. அந்தப் பறவை எதை, எப்படிச் சாப்பிடுகிறது என்பதை ஐந்து நிமிடம் பார்த்தால் பெயர் தானாக நினைவில் நிற்கும்.

முதலில் சங்குவளை நாரை. மஞ்சள்மூக்கு நாரை என்றாலும் இதுதான், இந்தக் குளத்தில் மிக எளிதாகக் காணக் கிடைக்கும். மஞ்சள் அலகு நுனியில் லேசாகக் கீழே வளைந்திருக்கும். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, அலகைப் பாதி திறந்தபடியே உள்ளே விட்டு மெல்ல நடக்கும். ஒரு காலால் சேற்றைக் கலக்கும். கலங்கிய நீரில் மீனைக் கண்ணால் பார்க்க முடியாது. திறந்த அலகுக்குள் மீன் தட்டுப்பட்டதும் டக்கென்று மூடிக்கொள்ளும். ஒருமுறை ஒரே நாரையை நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை மீன் சிக்கும்போதும் தலையை மேலே தூக்கி இரண்டு குலுக்கு, அவ்வளவுதான், மறுபடி அலகு தண்ணீருக்குள். அன்று குறிப்பேட்டில் ஒரே ஒரு பறவையைப் பற்றித்தான் எழுதினேன். இன்றுவரை எனக்கு மிகப் பிடித்த பக்கம் அதுதான்.

அதன் பக்கத்திலேயே வெள்ளையாக ஒன்று, தலையை இடமும் வலமுமாக அரிவாள் வீசுவதுபோல் வீசிக்கொண்டு நடந்தால் கரண்டிவாயன். அலகின் நுனி அகப்பை மாதிரி தட்டையாக இருக்கும். அது தூங்கும்போது அலகைச் சிறகுக்குள் செருகிவிடும். அப்போது கொக்கு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், எழும்வரை பொறுத்திருங்கள். அரிவாள்மூக்கனின் அலகு வளைந்திருக்கும், அதைச் சேற்றில் குத்திக் குத்தித் தேடும். நத்தைகுத்தி நாரைக்கு மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். குளத்து நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து சதையை உருவி எடுக்கப் பழகிய அலகு அது. கூழைக்கடாவின் அலகுக்குக் கீழே தொங்கும் பை மீனைச் சேர்த்துவைக்கும் கூடை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது வலை. தண்ணீரோடு மீனை அள்ளி, தண்ணீரை வடித்துவிட்டு விழுங்கிவிடும்.

காலைப் பார்த்தால் தண்ணீரின் ஆழம் தெரிந்துவிடும். செக்கச்சிவந்த குச்சிக் காலில் நெடுங்கால் உள்ளான் நிற்கும் இடத்தில் ஒரு சாண் தண்ணீர் இருக்கும். அதற்கு உள்ளே ஆழத்தில் வாத்துகள்; வெளியே ஈரச் சேற்றில் சிறிய உள்ளான்கள்; இன்னும் வெளியே காய்ந்த மண்ணில் ஓடி ஓடி நிற்பவை உப்புக்கொத்திகள். குளம் வற்ற வற்ற இந்த வரிசை முழுவதும் உள்நோக்கி நகரும். தண்ணீர் நிரம்பி வழியும் நாளில் உள்ளான்களே இல்லையே என்று வருத்தப்படாதீர்கள், அவற்றுக்கு நிற்க இடமில்லை. இரண்டு வாரம் கழித்து வாருங்கள்.

வாத்துக் கூட்டத்தில் தேட வேண்டியது பட்டைத்தலை வாத்து. சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை. மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டி இங்கே வருகின்றன. 7,000 மீட்டருக்கு மேலான உயரத்திலும் இவை பறந்தது பதிவாகியிருக்கிறது. பகலில் பெரும்பாலும் தண்ணீரோரம் படுத்துக் கிடக்கும். மேய்வதற்கு வயலுக்குப் போகும். கழுத்திலோ காலிலோ எழுத்துப் போட்ட வளையம் தெரிந்தால் நிறத்தையும் எழுத்தையும் அப்படியே குறித்துக்கொண்டு வனத்துறையினரிடம் சொல்லுங்கள். எங்கோ ஒரு ஏரிக்கரையில் அந்த வளையத்தை மாட்டியவர்கள் அதன் செய்திக்காகக் காத்திருப்பார்கள். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் மூன்றையும் அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் பெட்டைகளைப் பிரித்தறிய எனக்கே மூன்று பருவம் பிடித்தது.

ஊருக்குள் நடக்கும்போது

கூந்தன்குளத்தில் குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமல்ல, ஊருக்குள் வீட்டுப் பக்கத்து மரங்களிலும் நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். மீன் நாற்றமும் எச்சமும் வாசலிலேயே. இருந்தும் ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை. தீபாவளிக்கு வெடி போடுவதையும் தவிர்க்கிறார்கள். எச்சம் கலந்த குளத்து வண்டலைக் கோடையில் அள்ளி வயலுக்குப் போடுவார்கள். அதனால் பறவைக்கும் ஊருக்குமான உறவு அன்போடு நிற்கவில்லை, வெள்ளாமை வரை போகிறது.

ஒரு மார்ச் மாதக் காலை, வெளியூரிலிருந்து வந்த ஒருவர் பறக்கும் படம் வேண்டும் என்று மரத்தடியில் நின்று கை தட்டினார். மரமே அசைந்ததுபோல் இருபது முப்பது நாரைகள் எழும்பின. அவர் கேமராவைக் கீழே இறக்குவதற்குள் இரண்டு காக்கைகள் வந்துவிட்டன. ஒன்று கூட்டின் விளிம்பில் உட்கார்ந்து உள்ளே குனிந்தது. எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்த பாட்டி எழுந்து வந்து சொன்னார்: "பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கு தம்பி. கையக் கிய்யத் தட்டாதிய." குரலை உயர்த்தவில்லை. கை தட்டியவர் தலைகுனிந்து காருக்குப் போய்விட்டார். நான் அந்தக் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாய் திரும்ப நாலைந்து நிமிடம் ஆனது.

காக்கை மட்டுமல்ல, வெயிலும் ஆபத்துதான். உச்சி வெயிலில் நாரை இறக்கையை விரித்துக் குஞ்சுக்குக் குடை பிடித்தபடி நிற்பதை நீங்களே பார்க்கலாம். நீங்கள் பக்கத்தில் போய் அது எழும்பிவிட்டால், உடம்பில் சரியாக முடிகூட முளைக்காத குஞ்சு நேர் வெயிலில் கிடக்கும். அதனால் சில விஷயங்களில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். கூட்டு மரத்துக்கு நேர் கீழே நிற்காதீர்கள். ஃபிளாஷ், டிரோன் வேண்டாம். கைபேசியில் பறவைக் குரலைப் போட்டு அழைக்காதீர்கள். பறவை மேய்வதை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டி உங்களைப் பார்த்தால் நீங்கள் வர வேண்டிய தூரத்தைத் தாண்டி வந்துவிட்டீர்கள் என்று பொருள்; அப்படியே இரண்டு எட்டுப் பின்னால் போங்கள். கீழே விழுந்த குஞ்சைக் கண்டால் கையில் எடுத்துப் படம் பிடிக்காமல் வனத்துறைக் காவலரைக் கூப்பிடுங்கள். முட்டையையோ குஞ்சையோ எடுப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

மரத்தடியை விட்டு விலகி நின்றபின் ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கேளுங்கள். வளர்ந்த சங்குவளை நாரைக்குக் குரல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அலகை அடித்துத் தாளம் போடும். அந்த இரைச்சல் அத்தனையும் பசித்த குஞ்சுகளுடையது.

பறவை அல்லாதவையும் உண்டு

மிதக்கும் கட்டையில் பாலாமை வெயில் காயும். கரையோரம் கீரி ஓடும். மதகுக் கல் இடுக்கில் உடும்பு தலை நீட்டும். தண்ணீர்ப்பாம்பு தலையை மட்டும் வெளியே வைத்து நீந்துவதைப் பாம்புத்தாரா என்ற நீர்ப்பறவை என்று நான் ஒருமுறை எழுதிவைத்துப் பிறகு அடித்திருக்கிறேன். பாம்புத்தாராவின் கழுத்து அப்படித்தான் இருக்கும். குளத்தில் எல்லா வாத்துகளும் திடீரென்று ஒரே மூச்சில் எழும்பினால் வாத்தைப் பார்க்காமல் அதற்கு மேலே வானத்தைப் பாருங்கள். சேற்றுப்பூனைப்பருந்து ஒன்று தாழ்வாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் திருநெல்வேலி–தூத்துக்குடிச் சாலையில் வல்லநாடு வெளிமான் சரணாலயம் இருக்கிறது. முள்ளும் பாறையுமான குன்றுதான். முறுக்குக் கொம்புடைய கலைமானைப் பார்க்க அங்கேயும் விடியற்காலையில்தான் போக வேண்டும்.

எழுதி வையுங்கள்

குறிப்பேட்டில் தேதி, நேரம், தண்ணீர் அளவு, எத்தனை பறவை, என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதினால் போதும். பெயர் தெரியாத பறவைக்கு அலகையும் காலையும் வரைந்துவிடுங்கள், வரையத் தெரியாதவர்களும். வீட்டுக்கு வந்தபின் இபேர்ட் செயலியில் பட்டியலாக ஏற்றலாம். மெர்லின் செயலி பெயர் சொல்ல உதவும், ஆனால் அது சொல்வதை உங்கள் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள். ஜனவரியில் பொங்கல் நாட்களில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம், பதினைந்து நிமிடம் எண்ணினாலும் அது கணக்கில் வரும். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்தில் இருப்பவர்கள் அதே மாதத்தில் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பையும் விசாரியுங்கள். தெரிந்தவர்களோடு ஒரு நாள் நடந்தால் தனியாகப் பத்து நாள் கற்பதைக் கற்றுவிடலாம்.

ஒன்பதரை மணி வாக்கில் வெயில் ஏறும். பலர் அப்போது கிளம்பிவிடுவார்கள். இன்னும் கால் மணி நேரம் இருங்கள். தரை சூடாகிக் காற்று மேலே எழும்பத் தொடங்கியதும், காலையெல்லாம் மரத்தில் பாரமாக உட்கார்ந்திருந்த கூழைக்கடாக்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்து அந்தக் காற்றில் ஏறும். முதலில் பனை உயரத்தில் நாலைந்து படபடப்பு. பிறகு இறக்கையை அசைக்காமலே வட்டம், அதற்கு மேல் இன்னொரு வட்டம். பத்து நிமிடத்தில் அவை வெள்ளைப் புள்ளிகளாகிவிடும். பைனாகுலரைக் கீழே வைத்துவிட்டு, கையால் வெயிலை மறைத்துக்கொண்டு பாருங்கள்.